எந்த நெஞ்சு

காஜா பெராங்,
மலாக்கா.
20-4-1958

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா பொன்னுதுரை எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கலியாணசுந்தரமும் பெரியவளும் சின்னவனும் ஜெசல்டனில் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லுகிறாள், நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். இங்கே அம்மா முழுச் சுகம், நான் முக்கால் சுகம். மீதிக் கால் எங்கே போனது என்பதை இத்தனை நாள் உன்னிடம் மறைத்துவிட்டோம், இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, மறைக்கச் சொன்னது நான்.

அதற்கு முன் ஒரு விஷயம். தை மாதம் நீ எழுதிய கடிதத்தின் கடைசியில், எங்களைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது என்று எழுதிவிட்டு, கொஞ்ச நாளாக நெஞ்சில் ஒரு கல் மாதிரி இருக்கிறது அப்பா, எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை வீட்டு நினைப்பில் ஏங்குகிறாள் என்று நானும் நினைத்து, தைரியமாக இரு, கடலுக்கு அந்தப் பக்கம் என்றாலும் ஒரே வானம்தானே என்றெல்லாம் பெரிய மனிதன் மாதிரி பதில் எழுதினேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கும் கட்டி அனுப்பினாள். நேற்றிலிருந்து அந்த ஒரு வரிதான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ எந்த நெஞ்சைச் சொன்னாய் அம்மா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் கேட்கிறேன் என்று தெரியாமல் நீ பதில் எழுதினால் பழையபடி மழுப்பிவிடுவாய், அதனால் என் கதையை முழுக்கச் சொல்லுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் மாசி மாதம் என் சோதனை டெலிபோன் பையின் வார் இடது பக்கம் அழுத்துகிற இடத்தில் வலித்தது. அந்தப் பை உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஹலோ ஹலோ என்று நடப்பாய். வார்தான் தேய்க்கிறது என்று பையை வலது தோளுக்கு மாற்றினேன். இருபத்தெட்டு வருஷமாக டெலிபோன் கம்பிப் பழுது கண்டுபிடிக்கிறவன், என் உடம்பில் ஒரு இடம் வலித்ததற்குப் பையை இடம் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் குளிக்கும்போது கை தட்டுப்பட்டது, காம்புக்கு அடியில் பட்டாணி அளவில் கெட்டியாக ஒன்று. அழுத்தினால் வலியே இல்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைதான், ஆனால் யாரிடம் கேட்பது, என்னவென்று சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

டவுனில் ஒரு தனியார் மருந்தகத்தில் நல்லையா என்று யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர். அவரிடம் போய் நெஞ்சு நோகிறது என்று சொன்னேன். இருமல் இருக்கோ என்று கேட்டார், இல்லை என்றேன். பின்னேரத்தில காய்ச்சல் காயுதோ என்று கேட்டார், அதுவும் இல்லை. சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துக் கேட்டார். சட்டையைக் கழற்றவா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அவர் கழற்றச் சொல்லியிருப்பார், அதுதான் பயம். அவர் மேல் தப்பே இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவர் வைத்தியம் பார்த்தார். சீட்டில் நெஞ்சு நோவு என்பதை மலாயில் சாக்கிட் டாடா என்று எழுதி, காச நோய் பார்க்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே படம் எடுத்தார்கள். சளி வேண்டும் என்று மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். இருமலே இல்லாதவன் சளிக்கு எங்கே போவேன். மூன்று வாரம் விடிந்ததும் கிணற்றடியில் நின்று காறிக் காறிப் பார்ப்பேன், பக்கத்து வீட்டுக் கோழிகள் பயந்து ஓடும், வருவது எச்சில்தான். உன் அம்மா சுக்கும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துத் தந்தாள், அவளுக்கும் நெஞ்சு என்றுதான் சொல்லியிருந்தேன். கடைசியில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை, மீனெண்ணெய் குடி என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று பெரிய இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்ற நிம்மதியில் நான் மூன்று மாதத்தை விட்டுவிட்டேன்.

எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. டெலிபோன் கெட்டுப்போச்சு என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிற ஆட்களை நான் எத்தனை திட்டியிருப்பேன். மணி அடிக்கவில்லையா, பேச்சு கேட்கவில்லையா, வீட்டுக்குள் பழுதா, தூணில் பழுதா என்று சொன்னால்தானே வேலை நடக்கும், ஒன்றும் சொல்லாமல் கெட்டுப்போச்சு என்றால் செங் கிராமம் வரைக்கும் வெயிலில் சைக்கிள் மிதித்து ஒவ்வொரு தூணாக ஏறிப் பார்க்க வேண்டும். அப்படித் திட்டுகிறவன் தன் முறை வந்தபோது நெஞ்சு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்டு மாதம் மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகப் பண்டார் ஹிலிர் திடலில் எங்கள் டிப்பார்ட்மெண்டு ஆட்கள் தற்காலிகமாக டெலிபோன் கம்பியும் ஒலிபெருக்கிக் கம்பியும் இழுத்தோம். ஒரு வாரம் ஓயாத வேலை. ஒருநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டையில் இடது பக்கம் ஒரு ரத்தப் பொட்டு. கம்பி கீறிவிட்டது என்று சொல்லிப் பையால் மறைத்துக்கொண்டேன். கூட வேலை செய்கிற மணிப்பிள்ளை விடவில்லை. மணியை உனக்கு நினைவிருக்கும், கம்போங் செட்டிக்காரன், உன் கல்யாணத்துக்குத் தட்டு நிறைய அவர்கள் வீட்டுப் பலகாரம் கொண்டுவந்தானே அவன்தான். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது, பல தலைமுறையாக இங்கேயே ஊறிவிட்ட செட்டிகளாச்சே, எல்லாம் அவர்கள் மலாய்தான். கீறினால் சட்டை கிழிந்திருக்குமே, சட்டை முழுசாக இருக்கிறதே என்றான். அவனும் பழுது பார்க்கிறவன்தானே. பொத்தானை அவிழ்த்துப் பார்த்தான். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, சுற்றிலும் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி இருந்தது. பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டு, மெர்டேக்கா முடிந்த மறு திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வருகிறாயா, இல்லை இப்போதே உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் சொல்லவா என்று கேட்டான். அந்த மாதம்தான் உனக்குப் பிரசவம் ஆகிச் சின்னவன் பிறந்த தந்தி வந்திருந்தது. வீட்டில் பாயசம் வைத்து அண்டை அயலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. அந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று மணியோடு போக ஒப்புக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சீன டாக்டர், வயது முப்பத்தைந்துகூட இருக்காது, மலாய் நன்றாகப் பேசுகிறார். என்ன கஷ்டம் என்று கேட்டார். நான் மறுபடியும் பழக்கதோஷத்தில் டாடா என்று ஆரம்பித்தேன். அவர் பழைய சீட்டையும் நுரையீரல் படத்தையும் பார்த்துவிட்டு, இது சுத்தமாக இருக்கிறதே என்று உறைக்குள் போடப் போனார். பின்னால் நின்ற மணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புக்கான் டாடா லா டாக்டர், தெத்தேக் டியா என்றான். நெஞ்சு இல்லை டாக்டர், இவனுடைய முலை என்று அர்த்தம். அறையில் ஒரு மலாய்க்கார நர்ஸ் இருந்தாள். எனக்குக் காது சுட்டது, அவன் மேல் வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை, நர்ஸும் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றுங்கள் என்றார். ஐந்து மாதம் நடக்காத காரியம் அந்த ஒரு சொல்லில் நடந்தது. தமிழ் தெரியாத செட்டி, நான் தமிழில் சொல்லக் கூசியதை மலாயில் போட்டு உடைத்துவிட்டான்.

டாக்டர் விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாக வட்டம் வட்டமாகத் தடவிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், இடுப்பில் ஊன்றச் சொன்னார், அக்குளுக்குள் விரலை விட்டுத் தேடினார், அங்கே ஒரு சின்ன நெறிக்கட்டி இருந்தது. ஆம்பிளைக்கு இது எப்படி வரும் டாக்டர் என்று கேட்டேன். எல்லா ஆண்களுக்கும் பிறக்கும்போதே அந்தச் சதை கொஞ்சம் உண்டு, வளராமல் நின்றுவிடுகிறது, இல்லாமல் போவதில்லை, நூறு பேருக்கு இந்த நோய் வந்தால் அதில் ஒருவர் ஆணாக இருப்பார் என்றார். கம்பி இழுத்துவிட்டு டெலிபோன் பொருத்தாமல் விட்ட வீடு மாதிரியா என்று கேட்டேன், அவருக்கு அது பிடித்துவிட்டது, பிறகு மற்ற டாக்டர்களிடம் அதையே சொல்லிக் காட்டினார். அவர் படித்து முடித்த பிறகு இந்த நோயோடு பார்த்த ஆண்களில் நான் இரண்டாவது ஆளாம். முதல் ஆள் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் ரொம்பத் தாமதமாக வந்தார் என்று மட்டும் சொன்னார்.

இது புற்றுதானா என்று தெரியச் சின்னத் துண்டு வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். பதில் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் உன் அம்மாவிடம் சொல்லவில்லை, பத்தாம் நாள் பதில் வந்த பிறகு சொன்னேன். கமலவேணி அழுவாள் என்று நினைத்தேன், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எங்கே காட்டுங்க என்றாள். பார்த்தாள். அப்புறம் சுக்குக் கஷாயம் குடிச்சீங்களே மூணு வாரம், அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் சட்டையைக் கழட்டச் சொல்லியிருக்க மாட்டேனா என்று கேட்டாள். 

செவ்வாய்க்கிழமைதான் இந்த நோய்க்கான நாள், பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் ஒருவன் ஓரத்தில். மசாலைக் கடை வைத்திருக்கிறவர் மனைவி நஜ்முன்னிசா என்ற அம்மாள் பக்கத்தில் இருந்தார், உங்க வூட்டம்மா உள்ள போயிட்டாங்களா அண்ணே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த செவ்வாயும் கேட்டார், ஆமாம் என்றேன். மூன்றாவது செவ்வாய் நர்ஸ் வெளியே வந்து பொன்னுதுரை என்று கூப்பிட்டாள், நான் எழுந்தேன், பெஞ்சே திரும்பிப் பார்த்தது. திரும்பி வந்தபோது அந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, கையில் வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்து, நோவுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா, உக்காருங்க என்றார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அவர்கள் எல்லோரும் யாருக்கு எப்போது தெரிந்தது, யாரிடம் முதலில் சொன்னார்கள் என்று பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருத்திகூட வீட்டு ஆம்பிளையிடம் நேராகச் சொல்லவில்லை. எல்லோருமே நெஞ்சு, சளி, வாயு, களைப்பு என்று ஏதோ ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் மாதம் அறுவை நடந்தது. இடது பக்கம் முழுக்க எடுத்துவிட்டார்கள், அடியில் இருந்த தசையையும், அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து. தோல் பற்றாமல் தொடையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டினார்கள். நாலு வாரம் ஆண்கள் வார்டில் கிடந்தேன். தினமும் புது டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள், மலாக்காவில் நான் ஒரு அதிசயம். கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் வெட்டி எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே கூட்டிப்போய் பூதக்கண்ணாடிக் கருவியில் காட்டினார். ஊதா நிறத்தில் பொடிப் பொடியாக, ஒரு பக்கம் வரிசை வரிசையாக ஒழுங்காக இருக்கிறது, மறு பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாறுமாறாகக் கிடக்கிறது. இதுதான் நான், இதுவும் நான்தான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமாகக்கூட இல்லை, எப்போது இந்த வரிசை கலைந்தது, முதலில் கலைந்தது எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. அது யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். வீணாக எடுத்தது என்று நான் நினைத்த அந்த நுரையீரல் படத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார், புதிதாக எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, அங்கே பரவவில்லை என்று சொன்னார். காறித் துப்பிய மூன்று வாரத்துக்கு அந்த ஒரு பலன் கிடைத்தது.

பிறகு நவம்பரில் சிங்கப்பூர். புது டெலிபோன் மெஷின் பயிற்சிக்குப் போகிறேன் என்று உனக்கு எழுதினேன் இல்லையா, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், ரீங்காரம் போடும், அது ஓடும்போது நம்மைத் தனியாக விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றெல்லாம் வர்ணித்து எழுதினேனே, அந்த மெஷின் நிஜம், டெலிபோன் மெஷின் இல்லை. எக்ஸ்ரேயை ஆழமாகப் பாய்ச்சி மிச்சம் மீதி இருந்தால் எரிக்கிற மெஷின். ஐந்து வாரம். அறுவை செய்த இடம் வெயிலில் காய்ந்த மாதிரி கறுத்து உரிந்தது, இப்போது ஆறிவிட்டது. மாப்பிள்ளை பதில் கடிதத்தில் அந்த மெஷின் எத்தனை லைன் தாங்கும் என்று கேட்டிருந்தார், நான் வாய்க்கு வந்த ஒரு கணக்கை எழுதி அனுப்பினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நோய் திரும்ப வந்தால் இன்னொரு வைத்தியமும் இருக்கிறதாம், அதைப் பெண் பிள்ளையிடம் எழுத முடியாது என்று இந்த இடத்தில் எழுதப் போனேன். பார்த்தாயா, புத்தி போகிற வழியிலேயே போகிறது. ஆணின் விதையை எடுத்துவிட்டால் இந்த நோய் சுருங்குமாம், அதுதான் அந்த வைத்தியம். இப்போது அதற்குத் தேவை வரவில்லை.

இடது கை கொஞ்சம் வீங்கி இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறிப் பழக வேண்டும் என்றார்கள். எட்டிய இடத்தில் உன் அம்மா பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறாள், நீ வளரும்போது உன்னை நிறுத்தி வைத்துக் கோடு போட்ட அதே சுவர்தான். ஜனவரியில் உன் ஐந்து வயது உயரத்தில் இருந்தேன், இப்போது உன்னைத் தாண்டிவிட்டேன். தூண் ஏற விடமாட்டார்கள், ஆபீசுக்குள் சோதனை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே இருந்துகொண்டு புகார் சொல்லுகிறவர்களிடம் எந்தக் கம்பி, எந்த இடம் என்று கேட்டு உயிரை வாங்குகிறேனாம். உன் தம்பி ஜெயபாலனைப் போன வாரம் சட்டையைக் கழற்றச் சொல்லி நானே தடவிப் பார்த்தேன், கூச்சத்தில் நெளிந்தான், ஒன்றுமில்லை. மணிப்பிள்ளை அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். இதெல்லாம் நல்ல செய்தி. இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் டாக்டரிடம் காட்டப் போயிருந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று மறுபடி கேட்டார், முதலில் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் என் தங்கை ஜெயா நெஞ்சு நோவில் செத்தாள், ஆனால் அது புருஷனை நினைத்து ஏங்கி வந்தது என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, டாடா யாங் மானா என்று கேட்டார். எந்த நெஞ்சு என்று கேட்கிறார்.  இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

உன் ஜெயா அத்தையின் கதை நீ கேட்டுத்தான் வளர்ந்தாய். அவள் புருஷனைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள், அவள் அழுது அழுது அடுத்த வருஷம் நெஞ்சு நோவில் போய்விட்டாள், அப்படியும் ஒரு பாசமா என்று ஊரே பேசியது. நேற்று உஜோங் பாசிருக்கு என் அக்கா ருக்மணி வீட்டுக்குப் போய்க் கேட்டேன், உன் பெரிய அத்தை முதலில் பேச்சை மாற்றினாள், மீன் நறுக்குகிறேன் என்றாள். நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்து எனக்கு நடந்ததைக் காட்டினேன், அவளுக்கும் அதுவரை தெரியாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தழும்பையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள். புருஷன் போவதற்கு முன்னாலேயே ஜெயாவுக்குக் கட்டி இருந்திருக்கிறது. பாக்கு அளவில் இருந்தபோது குளிக்கும் இடத்தில் அக்காவிடம் காட்டியிருக்கிறாள். முட்டை அளவானபோது புண்ணாகியிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆம்பிளைங்ககிட்ட அத எப்படிடா சொல்றது, நெஞ்சு நோவுதுன்னுதான் சொன்னோம், துக்கம்னு நீங்களா எடுத்துக்கிட்டீங்க, அவளும் அதுவே நல்லதுன்னு விட்டுட்டா என்றாள் அக்கா. யுத்தம் முடிந்து ஜெயாவின் புருஷன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார் இல்லையா, தன்னை நினைத்துத்தான் ஜெயா செத்தாள் என்று நம்பியே மீதி ஆறு வருஷம் வாழ்ந்து அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏது, சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பாளோ தெரியாது. ஆனால் என் தங்கை என் பக்கத்து அறையில் படுத்து நெஞ்சு நெஞ்சு என்று முனகியபோது நான் அவளுக்கு மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை அம்மா.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உன் வரி ஞாபகம் வந்தது. நெஞ்சில் ஒரு கல் மாதிரி. எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து டப்பாவிலிருந்து கடிதத்தை எடுத்து அம்மாவும் நானும் மாறி மாறிப் படித்தோம். பச்சைப் பிள்ளைக்காரிக்குப் பால் கட்டிக்கொண்டாலும் கல் மாதிரிதான் இருக்கும், சின்னவன் இரண்டு பக்கமும் சரியாகக் குடிக்கிறானா என்று கேளுங்கள் என்று அம்மா சொல்லுகிறாள். அப்படியும் இருக்கலாம். நாங்கள் நினைத்த மாதிரி வெறும் ஏக்கமாகவும் இருக்கலாம், அதுதான் என்றால் என்னைப் போல் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான், ஏங்கு, நன்றாக ஏங்கு, லீவு எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன். உன் வயதில் கட்டி என்றாலும் பத்தில் ஒன்பது கெட்டதாக இருக்காது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அப்பாவுக்கு வந்திருக்கிறது, அத்தைக்கு வந்திருக்கிறது, நீ நாளைக் கடத்தக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார், பிறகு படுத்துக்கொண்டு விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவிப் பார், அக்குளையும் பார். கையில் ஏதாவது தட்டினால் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. தட்டாவிட்டாலும் ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும், அத்தையையும் என்னையும் பற்றிச் சொல். அங்கே போய் டாடா என்று ஆரம்பிக்காதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, இந்தக் கடிதத்தை அவர் முழுசாகப் படிக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் எங்கள் முத்தங்கள். நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நோய் நொடியின்றி இருக்க மாரியம்மன் துணை நிற்பாள். சின்னவன் தூங்கும்போது நீயும் தூங்கு, மீன் சாப்பிடு, மழையில் நனையாதே. அம்மா ஊறுகாய் போட்டிருக்கிறாள், இந்த முறை அது ஏக்கத்துக்கு இல்லை, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்றுதான்.

கடிதம் வந்து போக மூன்று வாரம் ஆகும், அதுவரை என்னால் காத்திருக்க முடியாது, அதனால் தந்தி கொடு. நீண்டதாக வேண்டாம், ஒரே சொல் போதும். மனசு என்றால் மனசு என்று அடி. முலை என்றால் முலை என்று அடி. நெஞ்சு என்று மட்டும் அடிக்காதே. தந்தியும் எங்கள் டிப்பார்ட்மெண்டுதான், முதலில் என் ஆபீசுக்குத்தான் வரும், என்னோடு வேலை செய்கிற அத்தனை பேரும் படித்துவிட்டுத்தான் என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். படிக்கட்டும் அம்மா.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கும்
அப்பா,
பொன்னுதுரை